நகத்துக்கு ஆறு மாதம்

தையல் கடையில் இரண்டு மெஷின்கள். ஒன்று சன்னலோரம், இன்னொன்று உள்ளே, பீரோவுக்குப் பக்கத்தில். பதினோரு வருடமாக சன்னலோரம் மூத்தவளுடையது. உள்ளே அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வருகிறவர்கள் சன்னலோரம் இருப்பவளிடம்தான் துணியை நீட்டுவார்கள்.

மூத்தவள் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டாள். ஓரத்தை மடித்து இடது கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. மடிப்பு அப்படியே நிற்கும்.

ஒருநாள் அந்த நகத்தில் மெஷின் ஊசி இறங்கியது. நகம் கறுத்து, பாதி கழன்று ஆடியது.

"கை ஆறுற வரைக்கும் நான் உக்கார்றேன்க்கா" என்று இளையவள் சன்னலோரம் மாறினாள்.

விரலுக்குக் கட்டுப்போட்ட நர்சம்மா கடையின் பழைய வாடிக்கை. "நகத்துக்கு உயிர் கிடையாது. உயிரெல்லாம் அடியில இருக்கிற தோலுக்குத்தான். வேர்லேருந்து புதுசு அந்தத் தோல் மேலயே ஊர்ந்து வரும். முழுசா வர ஆறு மாசம்."

"அவ்வளவு நாளா?"

"பழசைப் பிடுங்கிடாதீங்க. இப்போதைக்கு அதுதான் மூடி."

மூத்தவள் தினமும் காலையில் விரலைப் பார்த்தாள். தோலின் விளிம்பில் புதுநகம் அரிசிமுனை அளவு நின்றது. மறுநாளும் அவ்வளவே. உள்ளே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே இளையவளின் முதுகைப் பார்த்தாள். அவள் இஸ்திரி போட்டுத்தான் மடித்தாள். ஒருத்தியாவது குறை சொல்லவேண்டுமே! நர்சம்மாகூட, "இவங்க கையும் கச்சிதம்" என்றாள். மூத்தவள் பொத்தான் நூலைப் பல்லால் வெடுக்கென்று கடித்தாள்.

இரண்டாம் மாதம், பழசுதான் புதுசுக்கு வழிவிடாமல் கிடக்கிறது என்று முடிவுகட்டி, குளியலறையில் பிடுங்கி எறிந்தாள். அடியில் இளஞ்சிவப்பாகத் தோல். காற்றுப் பட்டாலே சுரீரென்றது. அப்படியே கடைக்குப் போய், இளையவளின் மேஜையிலிருந்த நர்சம்மாவின் வெள்ளைக் கோட்டை எடுத்துக் கைமடிப்பில் அந்த விரலை இழுத்தாள்.

வெள்ளையில் ரத்தம்.

"ஐயோ அக்கா! தண்ணி ஊத்தாதீங்க. துப்புங்க."

"என்னடி சொல்ற?"

"அவங்கவங்க ரத்தக்கறைக்கு அவங்கவங்க எச்சில்தான். என்னோடது எடுக்காது. என் மேல துப்புறதா நெனச்சுக்கிட்டு நல்லாத் துப்புங்க."

மூத்தவளுக்கு வாய் வறளவில்லை. தாராளமாகவே வந்தது. இரண்டு பேருமாகத் தேய்த்ததில் கறை போய்விட்டது.

இளையவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே நடந்தாள். "உங்க எடத்துலயே உக்காருங்கக்கா. நீங்க பாக்குற பார்வையில என் முதுகு பொத்துப்போயிடும்."

சாயங்காலம் நர்சம்மா கோட்டு வாங்க வந்தாள். கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். "பிடுங்கியாச்சா? சொன்னா எங்க கேக்குறீங்க! மருந்து போட்டு மூடி வைங்க. புதுசா ஒரு சட்டை தைக்கணும், அளவு எடுக்கணுமே."

மூத்தவள் அளவு நாடாவை உருவினாள்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டு, சன்னலோரம் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள் நர்சம்மா. பீரோவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.