மூன்று அடியும் ஓர் இடைவெளியும்

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டேதான் குடிக்கிறார் மெஹ்னாஸ். எதிரே இருக்கும் கருங்கல் மேசையில் வைக்கமாட்டார். வேறு யாராவது வைத்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு துள்ளும்; இவரும் துள்ளுவார். “இது மேசை இல்லப்பா, காது. மெதுவா வைக்கக்கூடாதா?”

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இவர் வேலை செய்யும் ஷெட்டில், ஆய்வகங்களுக்கான ஆடாத மேசைகள் தயாராகின்றன. மேலே நுண்ணோக்கியோ தராசோ இருந்தால், தெருவில் லாரி போவது அதற்குத் தெரியக்கூடாது. மேசைக்கடியில் உள்ள சென்சார் எல்லா நடுக்கத்தையும் கலந்துகட்டி வாங்கும். அதிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, அதே நொடியில் மேசையை எதிர்ப்பக்கம் தள்ளி அடக்கும் ஒரு கன்ட்ரோல் பெட்டி. அந்தப் பெட்டியைப் பழக்குவது இவர் வேலை. வயது நாற்பத்து நான்கு. மேற்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார்.

திரையில், பெட்டி அடக்குவதற்கு முந்தைய வடிகட்டாத கோட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். “தண்ணி லாரி. காலியா போவுது.” இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, “இது நம்ம சிட்டிபாபு. செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு வர்றாரு.”

“அக்காகிட்ட ஒளிஞ்சுகினு வரவே முடியாது,” என்கிறார் ஃபிட்டர் சிட்டிபாபு, உள்ளே வந்தபடி.

ஒன்றை மட்டும் மெஹ்னாஸ் வாய்விட்டுச் சொல்வதில்லை. மூன்று அடி, ஓர் இடைவெளி. மறுபடி மூன்று அடி. பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ். பெடலை மிதிப்பது அவருடைய தம்பி முதாசிர்.

ஐந்து வருடத்துக்கு முன் முதாசிர் விரும்பிய பெண்ணை வேண்டாம் என்று வீட்டில் முதலில் சொன்னவர் மெஹ்னாஸ். அவளுக்கு வேறிடத்தில் நிக்காஹ் முடிந்தது. தம்பி வீட்டை விட்டுப் போனான். அம்மா கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. டீக்கடையில் அக்கா எதிரே வந்தால், இருக்கும் டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடக்கிறான்.

வீடு திரும்பியதும் மெஹ்னாஸ் அம்மாவிடம் சொல்கிறார்: “இன்னைக்கு நல்லா இருக்கான்மா. அடி சுறுசுறுப்பா விழுந்துச்சு.” இன்னொரு நாள், “காய்ச்சல்போல. ஷீட்டுக்கு ஷீட்டு ரொம்ப நேரம் எடுக்கிறான்.”

“பக்கத்துலதானே இருக்கான், போய்க் கேளேன்டி.”

“கேட்டா வேலையை விட்டுட்டுப் போயிடுவான்மா. அப்புறம் இதுவும் இருக்காது.”

தம்பியின் தடயமே இல்லாமல் மேசையை நிறுத்தத்தான் மெஹ்னாஸுக்குச் சம்பளம். அதில் அவர் கெட்டிக்காரர். பெட்டி முதாசிரின் தாளத்தை மனப்பாடம் செய்து, அடி விழும்போதே எதிர்த்துத் தள்ளிவிடும். வடிகட்டிய கோடு இழுத்துக் கட்டிய நூல்போல நேராகப் போகும். வாங்க வருபவர்கள் அதைப் பார்த்து வியப்பார்கள். இவர் கண் பக்கத்துத் திரையில், வடிகட்டாத கோட்டில் இருக்கும்.

போன புதன்கிழமை காலை சிட்டிபாபு ஓடிவந்தார். “அக்கா, பக்கத்து பிரஸ் படப்பைக்குப் போவுது. கிரேன் வந்து நிக்கிது. கையில கீற ஷீட்டு முடிஞ்சா கழட்டிடுவாங்க. உன் தம்பியும் இனிமே அங்கதானாம். இப்பவாச்சும் போய் ஒரு வார்த்த பேசேன்!”

மெஹ்னாஸ் எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பக்கத்து ஷெட் வாசலுக்குப் போனார். முதாசிர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

“முதாசிர்!”

அவன் திரும்பவில்லை. பிரஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தவர் நேராகத் திரைக்குப் போய், பதிவைப் பின்னால் ஓட்டினார். மணி பதினொன்று பன்னிரண்டு, இவர் கூப்பிட்ட நேரம். முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது, வரவேண்டிய இடத்தில் இல்லை. முக்கால் நொடி தள்ளி விழுந்திருந்தது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.

“கேட்டிருக்கு,” என்றார்.

அந்த நேரத்தில் பக்கத்தில் பிரஸ் நின்றது. இங்கே மேசை உதறியது.

“இன்னாக்கா இது? மேசை தானா உதைக்குது! மூணு தபா உதைச்சிட்டு நிக்கிது பாரு!”

பிரஸ் நின்றது பெட்டிக்குத் தெரியவில்லை. வராத அடியை எதிர்பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. விட்டால் பத்து நிமிடத்தில் அதுவாகவே அந்தத் தாளத்தை மறந்துவிடும். பொத்தானை அழுத்தினால் உடனே மறக்கும்.

“சாப்பாட்டுக்கு பிரஸ் நின்னா பட்டுனு ரீசெட் அடிப்பியே. அடிக்கா!” சிட்டிபாபு கை நீட்டினார்.

மெஹ்னாஸ் அந்தப் பொத்தானின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டார்.