இரண்டு ரிங்

இப்போது வெளிநாட்டுக்குக் கதைக்கச் சல்லி தேவையில்லை. என் மகன் சோறு தின்றுகொண்டே போனைத் தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைத்து, சவூதியில் இருக்கும் வாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். பேச ஒன்றும் இல்லாதபோது அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுகிறான். அங்கே அவர் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். மகன் மீது இல்லை. யார் மீது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனைக்குடியில் கடலிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு இருந்தது. எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. ஓடு போட்ட இரண்டு அறை, பின்பக்கம் சமைக்கத் தகரம் அடித்த குசினி. என் உம்மாவும் வாப்பாவும் அதைக் கட்டிமுடிப்பதற்குள் கையிருப்பு தீர்ந்துபோனது. மீதியைக் கட்டத்தான் என் கணவர் சவூதிக்குச் சாரதியாகப் போனார். அப்போது எங்கள் மூத்த மகளுக்கு ஒன்றரை வயது. வாப்பா என்பது அவளுக்கு ஒரு முகமாக இருக்கவில்லை, ஒரு சத்தமாகத்தான் இருந்தது.

அந்தச் சத்தமும் சும்மா வரவில்லை. அவர் அங்கே ஒரு போன் காட் வாங்கிச் சுரண்டி நம்பரை அடித்தால், வீட்டுப் போனுக்கு என்றால் இவ்வளவு நிமிடம், கைப்போனுக்கு என்றால் அதில் பாதி. அதனால் முன்வீட்டு சேரின் போனுக்கு எடுப்பார். சேர் ஓய்வு பெற்ற அதிபர். எங்கள் தெருவில் மாடி வீடு அவருடையது மட்டும்தான், போனும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நானும் மகளும் அங்கே போய் உட்கார்ந்திருப்போம். சேரின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். அவ கீரை ஆய்ந்துகொண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பா. ஒரு பிடி கீரையை அரை மணித்தியாலம் ஆய்வா. புருசனிடம் ஒரு வார்த்தை ஆசையாகச் சொல்ல முடியாது. சொன்னால் அஸர் தொழுகைக்கு முன் தெருவுக்கே தெரிந்துவிடும்.

நிமிடம் போய்க்கொண்டிருக்கும். சீமெந்து என்ன விலை, மேசன் வந்தானா, அனுப்பிய சல்லியை உண்டியல்காரன் கொண்டுவந்து தந்தானா என்று எல்லாம் கதைத்து முடித்து, கடைசியில்தான் மகளிடம் போனைக் கொடுப்பேன்.

"சலாம் சொல்லிட்டுத் தா, கெதியா" என்பேன்.

அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா, நான்..." என்று தொடங்குவாள். பெரும்பாலும் அந்த "நான்" என்ற இடத்தில் காட் முடிந்துவிடும். வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அடுத்த கிழமை முதலில் அவளிடம் கொடுக்கலாமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிள்ளைக் கதைதானே, அதற்கு நிமிடத்தை எரிக்கவா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு விடுமுறையில் வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு சின்னக் கைப்போன் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து சவூதிக்குக் கதைத்தால் ரீலோட் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும். அப்போது ஊரில் எல்லோரும் மிஸ்ட் கோல் அடிப்பார்கள். நான் அதற்கு ஒரு முறை வைத்தேன். நானேதான் வைத்தேன், அவர் இல்லை. ஒரு தடவை அடித்தால் ஒரு ரிங், வீட்டில் எல்லோரும் சுகம். இரண்டு ரிங் வந்தால் சல்லி கையில் கிடைத்துவிட்டது. மூன்று வந்தால் அவசரம், அவர் காட் போட்டு உடனே திருப்பி எடுக்க வேண்டும். எதற்கும் அவர் போனைத் தூக்கக் கூடாது. ரிங் வந்ததும் வெட்ட வேண்டும். தூக்கினால் என் சல்லி போகும்.

இந்தக் கெட்டித்தனத்தை எண்ணி எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. தெருவில் நாலு பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ராத்தா கூட, "நீ மூளக்காரி புள்ள" என்றா.

ஒருமுறை அவர் தூக்கிவிட்டார். அது பெருநாள் இரவு. நான் ஒரு ரிங் கொடுத்தேன், வெட்டுவதற்குப் பதிலாக, "புள்ள" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு முதலில் ஆள் யாரென்றே தெரியவில்லை. அவ்வளவு அடைத்துப் போயிருந்தது.

"ஏன் மச்சான் எடுத்தீங்க?" என்றேன்.

"காய்ச்சல் புள்ள. மூணு நாளா. ரூம்ல ஒருத்தரும் இல்ல, எல்லாரும் பெருநாளுக்குப் போயிட்டாங்க. உன்ட சத்தத்தக் கேப்பம் எண்டு..."

"சத்தத்தக் கேக்கவா? இந்த மாசத்து ரீலோட் எல்லாம் போப்போகுது. கைய வெச்சிட்டுச் சும்மா இரிக்க ஏலாதா உங்களுக்கு? இனி ஒருக்கா எடுத்தீங்க எண்டா நான் கோலே தர மாட்டன், சொல்லிட்டன்."

"சரி, சரி. ஏசாத. வெக்கிறன்" என்று சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் தூக்கவில்லை. மருந்து எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஆறு வயது. காலையில் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். கைப்போன் தண்ணீர் படாமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் சட்டைக்குள் இருந்தது. விலைகூடிய பொருள் என்று எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பேன். தெருவில் "கடல் வருது, ஓடுங்க" என்று சத்தம் கேட்டது. கடல் எப்படி வரும் என்று யோசித்தபடியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேர் வீட்டை நோக்கி ஓடினேன். கேற்றைப் பிடித்தபோது தண்ணீர் எங்களைப் பிடித்தது. கறுப்புத் தண்ணீர். எங்கள் குசினித் தகரமோ வேறு யாருடையதோ, அதில் வந்த ஒரு தகரம் மகளின் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. சேர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டார். எப்படியோ மேலே ஏறிவிட்டோம்.

மாடியில் முப்பது பேராவது இருந்திருப்போம். ராத்தா தன் முந்தானையைக் கிழித்து மகளின் காலைக் கட்டினா. கட்டக் கட்ட நனைந்தது. மகள் அழவில்லை. உதடு வெளுத்துப்போய் என் மடியில் கிடந்தாள்.

"உம்மா, வாப்பாவுக்கு எடுங்க. நான் கதைக்கணும்" என்றாள்.

சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்தேன். போன் நனையவில்லை. வெளிச்சம் இருந்தது. ரீலோடும் இருந்தது, ஏனென்றால் நான்தான் அதைச் செலவழிக்காமல் கட்டிக் காத்தவள் ஆயிற்றே. நம்பரை அடித்து, பிள்ளையின் காதில் வைத்தேன். ரிங் போனது. வெட்டுப்பட்டது.

"வாப்பா வெட்டிட்டார்" என்றாள்.

மறுபடி அடித்தேன். இந்த முறை கொஞ்ச நேரம் ரிங் போனது. நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எடு, எடு என்று வாய்விட்டே சொன்னேன். வெட்டுப்பட்டது.

மூன்றாவது ரிங் போனால் அவராகத் திருப்பி எடுப்பார் என்று அந்த நேரத்திலும் என் புத்தி சொன்னது. அடித்தேன். சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். திரையின் மூலையில் இருந்த கோடுகள் போய்விட்டிருந்தன.

"இப்ப எடுப்பார் மகள். வாப்பா இப்ப எடுப்பார்" என்றேன். அவள் போனைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வடிந்து, சம்மாந்துறையிலிருந்து டிரக்டர்கள் வரத் தொடங்கி, எங்களை ஒரு டிரக்டர் பெட்டியில் ஏற்றியபோதும் அதை விடவில்லை. வயல்களுக்கு நடுவே பெட்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. அந்தப் பக்கம் கடல் வரவில்லை, பயிர் பச்சையாக நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்பே பிள்ளை முடிந்துவிட்டாள். அவள் கையிலிருந்து போனை நான்தான் எடுத்தேன். அன்று அந்திக்கே சம்மாந்துறையில் அடக்கினார்கள்.

அவருடைய முதலாளி விட்டு, அவர் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்கு நாலு குடும்பமாகக் கிடந்தோம். வாசலில் பையோடு நின்றார். அவருடைய உம்மாவும் இரண்டு சகோதரிகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் எழும்பவில்லை.

"நான் வேலைக்கு உடுத்திட்டு நிண்ட நான் புள்ள. ரெண்டு ரிங் வந்திச்சி. சல்லி கிடைச்சிட்டு எண்டு நினைச்சன். சந்தோசமாத்தான் போன. பகல் சாப்பாட்டுக் கடையில டீவியிலதான்..." என்றார்.

அந்தக் கிழமை உண்டியலில் சல்லி அனுப்பியிருந்தார். அது வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது விளங்கியது. நன்றாகவே விளங்கியது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீங்கதான் வெட்டின! புள்ள கதைக்கணும் எண்டு அழைச்சா, நீங்க வெட்டின! ரெண்டு தரம் வெட்டின!" என்று கத்தினேன். வகுப்பறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? "வெட்டச் சொன்னது நீதானே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சலில் எடுத்ததற்கு நான் ஏசிய ஏச்சை எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. சின்னக் கதிரையில், பிள்ளைகள் உட்காரும் கதிரையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கதை ஊரில் பரவியது. மகள் கடைசியாக எடுத்த கோலை வெட்டிய வாப்பா. அவருடைய சொந்தச் சகோதரிகளே முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டார்கள். பள்ளிவாசலில் யாரோ ஒரு கிழவர் கேட்டேவிட்டாராம். நான் திருத்தவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பிள்ளையைச் சாகக் கொடுத்தவள் நான், இதையும் நான் சுமக்க வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும். வெட்கம் கெட்ட குரல். அதற்குத்தான் கீழ்ப்படிந்தேன்.

அவர் மறுபடி சவூதிக்குப் போனார். மகன் பிறந்தான். கடலிலிருந்து தள்ளிக் கிடைத்த வீட்டில் இருந்தோம். அதன் பிறகு அவர் என் கோலை வெட்டுவதே இல்லை. ஒரு ரிங் முழுதாகப் போக முன் தூக்கிவிடுவார். வாகனம் ஓட்டிக்கொண்டே தூக்கி ஒரு வேலையை இழந்தார். நான் மிஸ்ட் கோல் அடிக்க நினைத்தாலும் அடிக்க முடியாது.

ஐந்தாவது வருசம் யுத்தம் முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள். வாகனங்களில் கொடி கட்டிக்கொண்டு ஓடினார்கள். அன்று பின்னேரம் மருந்து வாங்க, தமிழ் ஆட்கள் இருக்கும் பாண்டிருப்புப் பக்கம் போனேன். அங்கே கடைகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் கைப்போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. யுத்தம் நடந்த வன்னியில் யாரையோ விட்டிருப்பா. யாரோ எடுப்பார் என்று இருக்கிறா. மருந்து வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காட் போட்டு எடுத்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்டாமே புள்ள. டீவியில காட்டுறான். நீங்க சுகமா?"

"ஓம்" என்றேன். பிறகு கேட்டுவிட்டேன். "மச்சான், வெட்டச் சொன்ன நான்தானே. ஏன் நீங்க அத ஒருநாளும் சொல்லல்ல?"

அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சொல்லி என்ன செய்ய?" என்றார். பிறகு, "ரெண்டாவது ரிங்குக்கு நான் எடுக்கத்தான் போன புள்ள. என்னவோ மனசு கேக்கல்ல. பட்டன்ல விரல வெச்சிட்டன். பிறகு நீ ஏசுவாய் எண்டு வெட்டின."

ஏசுவாய் என்று. என் பிள்ளை அந்தப் பக்கம் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரத்தில், அவர் என் ஏச்சுக்குப் பயந்திருக்கிறார்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். முதன்முறையாக எங்கள் இருவருக்கும் நிமிடத்தைப் பற்றிய கவலை இருக்கவில்லை. அவர் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. காட் தானாக முடிந்து அறுந்தது.