தங்கையன் வீட்டுக் கரண்ட்டைக் குடித்த கார்

என் அத்தை விஜயராணிக்குக் கோபமே வராது. அவளுக்கு வர வேண்டிய கோபமெல்லாம் எனக்குத்தான் வரும். அந்தக் காரை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் நான். யாரையாவது கடித்து வைக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அத்தைக்குத் தபால் வேலை. மண்ணச்சநல்லூர் ஆபீசில் காலையில் தபால் பையை வாங்கி, வாய்க்கால்பட்டி கிளை ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பையைப் பிரித்து முத்திரை குத்திக் கொடுத்ததும், சுற்றியிருக்கிற பட்டிகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பல வருஷம் மொபெட்டில்தான் போய்வந்தாள். ஒரு நாள் உமி லாரி ஒன்று முன்னால் போக, காற்றடிக்க, கண்ணில் உமி விழ, மொபெட்டோடு வயலில் விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்த டாக்டர், இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். சைக்கிளும் இரண்டு சக்கரம்தான் என்பதை அவரே நினைவுபடுத்தினார்.

வேலை போயிற்று என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் கார் வந்தது. அத்தை மகள் கலைமதியும் அவள் வீட்டுக்காரர் ஹரிஹரசுதனும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குடியிருந்தார்கள். வெளிநாட்டில் வேலை கிடைத்து, காரை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தேர் வருகிறது, வண்டிகளை எடுங்கள் என்று போலீஸ் மைக்கில் கத்தியதும், அத்தை போய்க் காரை எடுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் வந்தாள். மகளிர் குழுவில் எப்போதோ கற்றுக்கொண்ட டிரைவிங் கைகொடுத்தது. மாப்பிள்ளை போனில், "சும்மா நிறுத்துனா பேட்டரி செத்துடும். தினம் ஓட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். தேர் நிலைக்கு வந்துவிட்டது. கார் திரும்பிப் போகவில்லை.

அது ஹைப்ரிட் கார். பெட்ரோலும் போட வேண்டும், உள்ளே பெரிய பேட்டரியும் உண்டு. மெதுவாகப் போனால் பேட்டரியில் சத்தமில்லாமல் போகும். பிரேக் போட்டாலோ, இறக்கத்தில் உருண்டாலோ, என்ஜின் ஓடினாலோ பேட்டரி தானே நிரம்பிக்கொள்ளும். சுவரில் செருகிச் சார்ஜ் போட அதில் ப்ளக்கே கிடையாது. இந்த நாலு வரியை நான் வாய்க்கால்பட்டி வட்டாரத்தில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒருவருக்கும் ஏறவில்லை.

நெல் விளைகிற ஊரில் ஹைப்ரிட் என்றால் விதை. நாட்டுத் தக்காளி, ஹைப்ரிட் தக்காளி. வேறு அர்த்தமே கிடையாது. முதல் நாளே பிச்சைமுத்து மாமா காரைச் சுற்றி வந்து கேட்டார்.

"ஹைப்ரிட்டா? அப்ப ஒட்டு ரகம். மறுவெதைக்கு ஆகாதே பாப்பா."

"ஆகாது மாமா. வருஷா வருஷம் புதுசுதான் வாங்கணும்."

"மகசூல் எப்படி?"

"இருபத்தஞ்சு."

"மூட்டையா?"

"கிலோமீட்டரு. லிட்டருக்கு."

"பரவால்லயே! பூச்சி அடிக்குதா?"

"ஆடிக்கு மேல ஒரு மருந்து தெளிச்சாப் போதும்னு சொல்லியிருக்காங்க."

அத்தை என் தொடையில் கிள்ளி, "சும்மா இருடி" என்றாள். அதற்குள் ஒட்டுக் கார் என்ற பேர் பட்டி பட்டியாகப் போய்விட்டது.

அடுத்த தொல்லை, தள்ளுகிறவர்கள். தபால் கொடுக்க ஒரு வாசலில் கார் நின்றால் சத்தமிருக்காது. சத்தமில்லாத வண்டி நின்றுபோன வண்டி. டீக்கடையிலிருந்து நாலு பேர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். "அக்கா, ஸ்டேரிங்க நேராப் பிடிங்க, நாங்க பாத்துக்கறோம்!"

"தள்ளாதீங்கப்பா, ஓடிக்கிட்டுதான் இருக்கு!"

"ஓடுறது எப்படிக்கா சத்தமில்லாம ஓடும்? வெக்கப்படாதீங்க."

ஒரு முறை பாசனக் கால்வாய் ஓரம் வரைக்கும் தள்ளிவிட்டார்கள். அத்தை இறங்கி அவர்களுக்கு நன்றி வேறு சொன்னாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஆள் தங்கையன். வாய்க்கால்பட்டி கிளை ஆபீசின் போஸ்ட்மாஸ்டர். ஆபீஸ் என்றால் அவர் வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு மெஷின், ஒரு முத்திரை. அத்தை காரை அவர் வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் போவாள். அவர் பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து முத்திரை குத்துவார். அதுவரை கார் கொட்டகையில் நிற்கும். நான் வெயில் தாங்காமல் உள்ளே ஏசி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். காருக்குள் இருக்கிற திரையில் பேட்டரிப் படம். அதில் பச்சைக் கட்டம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன ஏறுது?"

"பேட்டரி மாமா. சார்ஜ் ஆகுது."

"நின்ன இடத்துலயா?"

"ஆமா. என்ஜின் ஓடுதுல்ல? அதான் ஏத்துது."

அவர் காரைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். கொட்டகைக்கு மேலே போகிற கரண்ட் கம்பியைப் பார்த்தார். அப்புறம் தன் சட்டைப் பையிலிருந்த போனைப் பார்த்தார். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போன் அது. ஒயர் செருக வேண்டாம், ஒரு தட்டின் மேல் வைத்தால் சார்ஜ் ஏறும். என்ஜின் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

அந்த மாதம் அவர் வீட்டுக் கரண்ட் பில் எகிறியிருந்தது. அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அத்தை பெட்ரோல் மூடியைத் திறந்து காட்டினாள். அவர் மூக்கை வைத்து முகர்ந்தார். "பெட்ரோலும் இருக்கு. அத நான் இல்லேங்கல" என்றார். குனிந்து காருக்கு அடியில் பார்க்கச் சொன்னோம். பார்த்தார். வேட்டியில் மண்ணோடு எழுந்து, "ஒயர் இருந்தாப் பிடுங்கிடலாம். ஒயரே இல்லாம இழுக்குறதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

அதோடு விட்டாரா? மேலே மனு போட்டார். தபால்காரம்மா ஆபீஸ் கட்டடத்துக் கரண்ட்டைத் தன் சொந்த வாகனத்துக்கு உறிஞ்சுகிறார். கார் எல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. எல்லாரையும் போல சைக்கிளில் வரச் சொல்லுங்கள் என்று. விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. காரை நிறுத்தச் சொல்லி அவர் எழுதிவிட்டால் அத்தையின் வேலை அன்றோடு சரி. சைக்கிள் ஏற இடுப்பு விடாது. நடந்து போகிற தூரமும் இல்லை.

அன்று காலை நான் காரில் புலம்பிக்கொண்டே வந்தேன். "நீங்க ஏன் அத்தை வாயே தொறக்க மாட்டேங்கறீங்க? அந்த ஆள நாலு கேள்வி கேளுங்களேன்."

"கேட்டா?"

"தப்பில்லைன்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியுது. காருக்கும் தெரியும். வேற யாருக்குடி தெரியணும்?"

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியணும்!"

"அதுக்குத்தான் அவர் வராரே" என்றாள். எனக்கு டேஷ்போர்டில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் நிஜாமுதீன் பொன்மலையிலிருந்து பைக்கில் வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. தங்கையன் சொன்னதை முழுதாகக் கேட்டார். பாதியில் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வியர்வையா, சிரிப்பா, தெரியவில்லை.

"இதுல ப்ளக்கே கிடையாது தங்கையன்."

"அதுதான் சார் கெட்டிக்காரத்தனம்."

"சரி, விடுங்க. மெயின ஆஃப் பண்ணுவோம். வீட்டுல கரண்ட்டே இல்ல, அப்பவும் பேட்டரி ஏறுச்சுன்னா பிரச்சினை முடிஞ்சுது. சரிதானே?"

நான் கை தட்டப் போனேன். இவ்வளவு நாளில் ஒரு மனுஷன் மனுஷன் மாதிரிப் பேசுகிறார். அப்போது அத்தை சொன்னாள்:

"வேணாம் சார்."

எல்லாரும் திரும்பினோம்.

"ஏம்மா?"

"மெயின ஆஃப் பண்ண வேணாம் சார். வேற எப்படியாவது பாருங்க. இல்லாட்டி நான் காரை வெளிய ரோட்டுலயே நிறுத்திக்கறேன்."

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?" தங்கையன் துள்ளினார். "மடியில கனமிருக்கு, அதான் பயம்!"

இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. "ஆஃப் பண்ணா உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

அத்தை தரையைப் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லித் தொலையுங்களேன் அத்தை!" கையிலிருந்த வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, இந்தப் பொம்பளை கல் மாதிரி நிற்கிறாள்.

தங்கையனே ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. கொட்டகையில் கார் நின்றது, நான் ஏசியைக் கூட்டி வைத்திருந்தேன். பச்சைக் கட்டம் இறங்கி இறங்கி இரண்டுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு ஜன்னலில், தங்கையன் ஒரு ஜன்னலில். திடீரென்று, யாரும் தொடாமல், என்ஜின் தானே உறுமியது. தங்கையன் இரண்டடி பின்னால் குதித்தார். கட்டம் மூன்றானது. கொஞ்ச நேரத்தில் நாலானது.

"மெயின் ஆஃப்ல இருக்கு. பேட்டரி ஏறுது. இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கையன் தாடையைச் சொறிந்தார். "அப்ப பக்கத்து வீட்டுல இருந்து இழுக்குது சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை மட்டும், "சார், பாத்தாச்சுல்ல? மெயினப் போட்டுடுங்க சார், சீக்கிரம்" என்று பதறினாள். சொல்லி வாய் மூடவில்லை, வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"எந்தப் பாவி கரண்ட்ட நிறுத்துனது? நாளைக்குப் பொரியணும், இன்னிக்கா சூடு போகணும்?"

தங்கையன் மனைவி அழகம்மாள், கையில் கம்பளியோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டரையும் வீட்டுக்காரரையும் கண்டதும் கம்பளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு பெரிய கம்பளி எங்கே மறையும்?

"என்ன பொரியணும்?" என்றார் தங்கையன்.

பின்கட்டுக்குப் போனோம். அந்தப் பக்கம் தங்கையன் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். தண்ணீர் வேண்டுமென்றாலும் நாற்காலியிலிருந்து கூப்பிடுகிற ஆள். மாட்டுக் கொட்டகை மூலையில், சாக்கு போர்த்திய ஒரு பெட்டி. முட்டை பொரிக்கிற கரண்ட் பெட்டி. உள்ளே வரிசையாக முட்டைகள். மெயினைப் போட்டதும் பெட்டி முனகி, பல்ப் எரிந்து, சூடு காட்டுகிற நம்பர் ஏறத் தொடங்கியது. பக்கத்தில் குஞ்சுகளுக்குக் குளிர் தெரியாமலிருக்க இரண்டு குண்டு பல்புகள், அதுவும் இரவு பகலாக. கழிச்சல் நோய் வந்து கோழியெல்லாம் செத்ததிலிருந்து இந்த வீட்டில் இனிக் கோழியே கூடாது என்று தங்கையன் சொல்லியிருந்தாராம். இது இரண்டாவது ஈடு. முதல் ஈட்டுக் குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி அழகம்மாளின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டனவாம்.

"இது எப்ப வந்துச்சு?"

"பார்சல்ல வந்துச்சு."

"எந்தப் பார்சல்? என் கை படாம இந்த ஊருக்குள்ள ஒரு பார்சல் வராது!"

"உங்க கைதான் முத்திரை குத்துச்சு. இட்லிச் சட்டின்னேன். சரின்னீங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாக அத்தை பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"பெட்டி ஓரம் கிழிஞ்சிருந்துச்சு சார். குடுக்கும்போது படம் தெரிஞ்சுது."

"வேலை போற நேரத்துலகூட ஏன் சொல்லல?"

"அது அழகம்மாளுக்கு வந்த பார்சல் சார். போஸ்ட்மாஸ்டருக்கு வந்தது இல்ல."

அவள் அதைச் சொன்ன விதத்தில் பெருமை ஒன்றுமில்லை. காயாத துணியை எடுக்கக் கூடாது என்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது வருஷமாக யார் வீட்டுக்கு நகைக்கடன் நோட்டீஸ் வந்தது, யார் பெண்ணுக்கு வக்கீல் தபால் வந்தது, எல்லாம் தெரிந்தும் எங்கள் வீட்டில்கூட ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து விழுந்ததில்லை. நான்தான் அதை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கூடத்தான் செய்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டகையில் நின்றே எழுதினார். கரண்ட் புகாரில் ஆதாரம் இல்லை; தபால்காரம்மா காரில் போவதில் ஆட்சேபணை இல்லை. "ஆனா ஒண்ணும்மா, சைக்கிளுக்கு என்ன படி உண்டோ அதுதான் கிடைக்கும். காருக்குன்னு தனியாக் கிடையாது."

"ஓட்ட விட்டாப் போதும் சார்."

தங்கையன் மன்னிப்புக் கேட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. "முட்டை வேற, கார் வேற" என்றார். "எதுக்கும் அது காம்பவுண்டுக்குள்ள வர வேண்டாம். நானே வெளிய வந்து பைய வாங்கிக்கறேன்."

அப்படியே ஆனது. கார் இப்போது ரோட்டில் நிற்கிறது. தங்கையன் படி இறங்கி வந்து பையை வாங்கிப் போகிறார். பிரித்து முத்திரை குத்தி, தபாலையும் பார்சலையும் தூக்கிக்கொண்டு திரும்ப வந்து டிக்கியில் வைக்கிறார். அத்தை சீட்டை விட்டு எழுவதில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் முன்பு மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் இல்லை.

போன வாரம் அவர் மூச்சு வாங்க வந்து பார்சலை இறக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுப் பாத்தேன். உள்ளயே நிறுத்திக்கங்களேன்" என்றார்.

அத்தை என்ஜினைப் போடக் கை வைத்தாள். நான் முந்திக்கொண்டேன். "வேணாம் மாமா. மழைக்காலத்துல இது பதினஞ்சு அடி வரைக்கும் இழுக்குமாம். போன்ல பாத்தேன்."

"பதினஞ்சா?"

"ஈரக் காத்துன்னா இருபது."

தங்கையன் தன் வீட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நடுவிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார். "அப்ப தள்ளி இருக்குற அந்தப் புளியமரத்துக்கிட்ட நில்லுங்க. நான் அங்க கொண்டாறேன்" என்று சொல்லி, இறக்கிய பார்சலையே மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.