ஃபர்மா பார்த்து வைத்த கட்டைவிரல்

ஓ.டி. டேபிளில் படுத்துக்கொண்டே சர்ஜனுக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு ஆளைத்தான் என் முப்பது வருட சர்வீஸில் பார்த்திருக்கிறேன். மைதீன் பாய். மும்பை தாராவியில் செருப்புப் பட்டறை வைத்திருந்தவர். வலது கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோய், நாலு எட்டு வைத்தால் உயிர் போகிற வலி.

செம்பூரில் நான் டெக்னீஷியனாக இருந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஃப்யூஷன் என்று முடிவானது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, ஒன்றோடொன்று சேர்த்து, மேலே பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது. எலும்பு கூடிவிட்டால் வலி போகும், மூட்டும் மடங்காது. விரலை எந்தச் சாய்வில் வைக்கிறோமோ, ஆயுசுக்கும் அதே சாய்வுதான். இதைக் கேட்டதிலிருந்து பாய்க்குத் தூக்கமில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஃபர்மா, அதாவது செருப்பு தைக்கிற பிளாஸ்டிக் கால் அச்சு.

"அண்ணாச்சி, விரல இதப் பாத்துதான் வைக்கணும். டாக்டரம்மாட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சர்ஜன் மேடம் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்க்காரர். அன்று இன்னும் மூன்று கேஸ் பாக்கி. "சரி, ஸ்டெரைல் கவர்ல போட்டுக் குடுங்கோ. பாத்துண்டே பண்றேன்" என்றார்.

இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்திருந்தது. பாய் முழு விழிப்பு. திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"ஃபர்மா வளைவு வந்துட்டா டாக்டரம்மா? வரலன்னா இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

மேடம் தூக்கினார். எலும்பில் ஒரு மெல்லிய கம்பி வயரைக் குத்தி விரலைத் தற்காலிகமாக நிறுத்தினார். பிளேட் வைக்கும் முன் ட்ரேயின் தட்டை மூடியை உள்ளங்காலில் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். தரையில் நின்றால் விரல் எங்கே இருக்கும் என்று அதில் தெரிந்துவிடும். அழுத்தினேன். விரல் மூடிக்கு வெகு மேலே, சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மேடம், இது சரியில்ல."

"ஃபர்மாவுக்கு அச்சா பொருந்தறதே!"

எக்ஸ்ரே ஸ்கிரீனைப் பாய் பக்கம் திருப்பினோம். பாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அந்த ஃபர்மாவக் காட்டுங்க" என்றார். காட்டினேன்.

"யா அல்லா! இது லேடீஸ் ஹீல்ஸுக்குள்ளதுல்லா!"

வெறும் வயிற்று மயக்கத்தில் தன் சைஸான எட்டாம் நம்பரை மட்டும் பார்த்து, எக்ஸ்போர்ட் ஆர்டர் ஃபர்மாவை எடுத்து வந்திருக்கிறார். அப்படியே பிளேட் போட்டிருந்தால் மனுஷன் சாகும்வரை ஹீல்ஸில்தான் தாராவியைச் சுற்றியிருக்க வேண்டும். மாஸ்க்குக்குள் எனக்குச் சிரிப்பு.

வயரை உருவி, மூடியை வைத்தே சாய்வு பார்த்து, பிளேட்டை உட்காரவைத்தோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேஷண்ட் எந்த ஃபர்மாவைக் கொண்டுவந்தாலும், எந்த சர்ஜன் தலையாட்டினாலும், மூடியை அழுத்தாமல் பிளேட்டை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சில மாதம் கழித்து பாய் வலியில்லாமல் நடந்து வந்தார், மேடத்துக்கு ஒரு ஜோடி செருப்போடு. தட்டையான செருப்பு.

"என்ன பாய், ஹீல்ஸ் இல்லையா?"

"ஸ்கிரீன்ல என் விரலு நின்ன நெலயப் பாத்தேம்லா அண்ணாச்சி. வீட்டுக்காரி எத்தன வருஷமா சொன்னா, நீங்க செய்யுற ஹீல்ஸ் செருப்பு விரலக் கொல்லுதுன்னு. ஒனக்கு நடக்கத் தெரியலன்னுட்டேன்."