மடுவில் இறங்கிய சகுந்தலா

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி, அவள் அப்பாவின் சட்டையையும் தம்பியின் பேண்ட்டையும் மாட்டிக்கொண்டு, முதுகில் ஒரு சிலிண்டரோடு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க மடுவுக்குள் இறங்கினாள்.

நம்ப முடியவில்லையா? பக்கத்திலேயே நின்ற எனக்கே முடியவில்லை!

செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் வழியில் என் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம். அதை ஒட்டி அந்த மடு. பூமி திடீரென்று உள்வாங்கிக்கொண்டது போல் வட்டமான பள்ளம். கோடையிலும் இரண்டு ஆள் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் நிற்கும். சுற்றிலும் தாழம்புதர். தாழையின் விழுதுகள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்தால், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து இங்கே வைத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) காய் பிடிக்கிற சமயம். மடுவிலிருந்து ஆயில் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறையக் குறைய ஓஸை இறக்கிக்கொண்டே போனதில், அதன் நுனியில் இருந்து, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட்வால்வு பாறை இடுக்கில் நழுவி, சேற்றிலும் தாழை வேரிலும் வசமாகச் சிக்கிக்கொண்டது. என்ஜின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. இழுத்தால் ஓஸ் கிழிகிறது. முங்கிப் பார்த்தவர்களுக்கோ, கலங்கிய சேற்றில் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது.

"புதுசு விழுப்புரத்துலேர்ந்து வரணும். ஒரு வாரம் ஆவும்," என்றார் என்ஜின் மெக்கானிக் காதர் பாய்.

ஒரு வாரமா? வாடி நின்ற செடி இரண்டு நாள் தாங்கினாலே பெரிய விஷயம்.

என் மச்சினன் ஏழுமலைக்கு ட்ரங்க் கால் போட்டோம். தண்ணீருக்கடியில் போய்க் கப்பல்களைப் பழுது பார்ப்பது அவன் உத்தியோகம். இப்போது பாண்டிச்சேரியில் வேலை. மேலதிகாரியிடம் கேட்டு, காற்றுச் சிலிண்டர், முகக்கண்ணாடி, குழாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

கண்டக்டர் விடுவாரா?

"இன்னா சார் இது, கேஸா? வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"வெறும் காத்துதான் சார்."

"காத்துக்கு எதுக்கு சார் சிலிண்டரு? அது வெளியவே கெடைக்குதே!"

நியாயமான கேள்விதான்.

ஒரு வழியாக வந்து சேர்ந்தான்... தும்மிக்கொண்டே. சரியான ஜலதோஷம்.

"சளியோட எறங்குனா காது ஜவ்வு கிழிஞ்சிரும் நைனா," என்றான். என் மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் துணிந்து வந்தார்கள். குழாயின் ரப்பரைப் பல்லால் கடித்துக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதுமே இருவரும் ரப்பரைத் துப்பிவிட்டு மேலே வந்துவிட்டார்கள். நான் முயன்றேனா என்று கேட்காதீர்கள். எனக்கு நீச்சலே தெரியாது.

அப்போதுதான் ஏழுமலை அவன் அக்காவைப் பார்த்தான்.

"யக்கா, நீ எறங்குறியா? போன வருசம் கத்துக்கினது ஞாபகம் இருக்குதா?"

"நல்லா இருக்குது," என்றாள் சகுந்தலா.

போன வருஷமா?

"பாண்டிச்சேரிக்கு வந்தப்ப நாந்தான் மாமா சொல்லிக் குடுத்தேன். எங்க கம்பெனிப் பசங்கள வுட சீக்கிரமா புடிச்சிக்கிச்சு. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லையே! தம்பிக்குச் சமைத்துப்போடப் போயிருக்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?

"சொன்னா உடனே பத்திரிகைல எழுதிடுவீங்க. அதான்," என்றாள். (இதை அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.)

மாமனார் எழுந்து வந்தார். "பொம்பளப் புள்ள பேண்ட்டு போட்டுக்கினு தண்ணியில எறங்குனா ஊரு இன்னா பேசும்?"

"எப்டியும் பேசும் நைனா. தண்ணி வந்தப்பறம் பேசட்டும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க இன்னா சொல்றீங்க?"

பயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நின்றுவிடும். சகுந்தலாவைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நன்றாகப் படித்துவிட்டுக் கேள்வித்தாளுக்குக் காத்திருக்கிற முகம்!

"எறங்கட்டும் மாமா," என்றேன்.

பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டாள். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை ஏழுமலை கையில். அவள் கையில் ஒரு கத்தியும், வால்வில் கட்ட இன்னொரு கயிறும். "மூச்ச மட்டும் அடக்காத யக்கா. வுட்டு வுட்டு வாங்கு. கயித்த நான் இழுத்தா நீயும் ஒருவாட்டி இழுக்கணும்."

தலை மறைந்தது. குமிழ்கள் வரிசையாக மேலே வந்தன. குமிழ்கள் பாறைப் பக்கமாக நகர்ந்தன... சட்டென்று நின்றுவிட்டன.

ஏழுமலை கயிற்றை இழுத்தான். பதில் இல்லை. மறுபடி இழுத்தான். அப்போதும் இல்லை. அவன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை—மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். காதர் பாய் காலரைப் பிடித்து இழுத்தார்.

"சார், நீங்களும் போய்ட்டா ரெண்டு பேரத் தேடணும்!"

அந்த நேரம் ஏழுமலை கையில் கயிறு துள்ளியது.

"யக்கா நல்லா இருக்குது மாமா! பாறைக்கு அடியில பூந்திருக்குது. அதான் காத்து மேல வரல!"

கொஞ்ச நேரத்தில் பாறை ஓரமாகக் குமிழ்கள் கொத்தாகப் பொங்கின. பின்னாலேயே அவள் வந்தாள். முகமெல்லாம் சேறு. கையெல்லாம் தாழை முள் கிழித்த கோடுகள். ரப்பரைத் துப்பிவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்:

"இழுங்க!"

இழுத்தோம். வேரும் சேறுமாக ஃபுட்வால்வு வெளியே வந்தது. காதர் பாய் அதைக் கழுவி மாட்டி, ஓஸின் கிழிசலைக் கட்டி, என்ஜினை முடுக்கினார். இரண்டு முறை இருமியது. பிறகு வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது பாருங்கள்... விசில் பறந்தது!

மாமனார் தோள் துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டினார். கண் கலங்கியிருந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எம் பொண்ணு! நீச்ச கத்துக் குடுத்ததே நாந்தான்!"

சகுந்தலா என் காதோரம் கிசுகிசுத்தாள். "நைனாவுக்கு நீச்சலே தெரியாதுங்க."

தெரியாவிட்டால் என்ன? பெருமையில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளத்தானே எல்லோருக்கும் ஆசை? நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். கூடவே ஒன்று தோன்றுகிறது. பெண்டாட்டிக்குக் காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் அவளையே முழுசாகத் தெரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்—'உனக்கு வேறென்ன தெரியும்?' என்று.

நேற்று செஞ்சிக் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமாக, "பத்திரிகைல எழுதுறாரே, அவருதான்" என்பார்கள். நேற்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "மடுவுல எறங்குச்சே சகுந்தலாம்மா... அது வூட்டுக்காரரு."

ப்ரமோஷன் என்றால் இதுவல்லவா ப்ரமோஷன்!