பூஜைக்குப் பிறகு இடம் மாறிய பிரிண்டர்கள்

பிரிண்டர் மாட்டுகிறவனுக்கு ஒரு டெஸ்ட் பேஜ் ஒழுங்காக வந்துவிட்டால் போதும், உலகத்திலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்வான். என்னைப் போல அலுவலகம் அலுவலகமாக கேபிளோடு அலைகிறவர்களுக்கு இந்த வியாதி தெரியும்.

ஒண்ணும் ஆகாது

குளத்தூரில் ஒரு தனியார் அலுவலகம். முன்கூடத்துக்கு ஒன்று, மேனேஜர் அறைக்கு ஒன்று என ஒரே மாடலில் இரண்டு பிரிண்டர்கள். எந்தக் கடிதம் எந்தப் பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது எண்ணை வைத்துத்தான்; அதனால் நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், அதுவாக எடுத்துக்கொண்ட எண்ணிலேயே விட்டுவிட்டேன். சுத்தச் சோம்பேறித்தனம்.

அங்கே தற்காலிக வேலையில் இருந்த செல்வியக்கா, ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துப் பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன், பையை மாட்டிக்கொண்டே.

"நீங்க சொன்னா சரிதான் தம்பி."

மேனேஜரின் கடிதம்

பூஜை விடுமுறை முடிந்து எல்லாவற்றையும் போட்டதும் இரண்டு பிரிண்டர்களும் தங்களுக்குள் எண்ணை மாற்றிக்கொண்டன. முன்கூடத்துக் கிளார்க்கை மணமேல்குடிக் கிளைக்கு மாற்றச் சொல்லி மேனேஜர் ரகசியமாக ஒரு கடிதம் அடித்தார். அது அந்தக் கிளார்க்கின் மேசையிலேயே வந்து விழுந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, கையெழுத்து வாங்குவதற்காக மேனேஜரிடமே கொண்டுபோய் நீட்டினாராம்.

என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்த உடனேயே என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு மாதிரி பேசியது: "யாராவது எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் போட்டா இப்படித்தான் சார் ஆகும்." செல்வியக்கா என்னை ஒரு முறை பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன். 'நீங்கதானே சொன்னீங்க' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு வருஷமும் வேலையைப் புதுப்பித்து ஆர்டர் போட வேண்டியவர் அந்த மேனேஜர்தான்.

"செல்வி, இனிமே நீங்க மெஷின் பக்கமே வராதீங்க. ஒங்களுக்கு மறுபடி ஆர்டர் போடுறதா வேணாமான்னு யோசிக்கணும்."

வாசற்படியில்

அன்றே இரண்டுக்கும் நிலையான எண் போட்டேன். பத்து நிமிஷ வேலை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த வாரம் டோனர் மாற்றப் போனபோது, செல்வியக்கா டீயோடு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார். மெஷின் பக்கம் வரக் கூடாதே! ஆர்டர் இன்னும் வரவில்லை என்றார். எழுந்து போய், யாருக்கும் கேட்காத குரலில், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. மேனேஜர் ரூம் அங்கிட்டு இருக்கு, இங்கிட்டு வந்து எதுக்குச் சொல்றீங்க?"

இரண்டு பிரிண்டரையும் அதனதன் அறைக்குத் திருப்பிய நான், ஒரே ஒரு உண்மையை மட்டும் தப்பான இடத்தில் இறக்கிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.