சத்தக்காரர் சத்தம் போடாத வீடு

அந்த வட்டாரத்து ஏசி மெக்கானிக்குகளில் சத்தக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்துவார். பிறகு நடுக்கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

"மெயினை எறக்கியிருக்கேன்! நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!"

அதோடு விடுவாரா? வீட்டிலேயே பயந்த சுபாவமாக ஓர் ஆளைப் பிடித்து, மெயின் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்த்திவிடுவார். ஒருமுறை அப்படி உட்கார்ந்தவர் ஒரு நீதிபதி. வேலை முடியும்வரை மனிதர் இருமக்கூட இல்லை.

இப்பேர்ப்பட்டவர் கத்தாத வீடு ஒன்று உண்டு. அது மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. கல்யாணத்தன்றே மனைவி அவர் காதைக் கடித்திருந்தாள்.

"அங்க போயும் உங்க தொண்டையைக் காட்டிடாதீங்க. பொண்ணு வாழப்போற எடம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மனிதர் பெட்டிப் பாம்பு. தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார்.

ஒரு மத்தியானம் அந்த வீட்டு ஏசி மக்கர் பண்ணியது. சம்பந்தியம்மா அவரையே கூப்பிட்டார். இவர் வந்து ரிமோட்டை அழுத்திப் பார்த்தார். பால்கனியில் இருந்த வெளிப்பெட்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று அந்த முனகலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெயினை இறக்கினார். சத்தம் தொண்டைவரை வந்தது. சமையலறையில் சம்பந்தியம்மா ஏதோ வேலையாக இருந்தார். அவரைப் போய் அதட்டுவதா? எச்சிலை விழுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பெட்டியைத் திறந்தால், நினைத்தபடியே கெப்பாசிட்டரின் தலை உப்பிக் கிடந்தது. அதில் தங்கியிருக்கும் கரண்டை ஸ்க்ரூடிரைவர் வைத்து இறக்கிவிட்டு, கழற்றி, புதிதை மாட்டினார். கடைசி வயரின் கிளிப் மட்டும் முனையில் ஏறாமல் அடம் பிடித்தது. அவர் விரல்கள் தடித்தவை. வேடிக்கை பார்க்க வந்த மகளுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுங்கப்பா, நான் மாட்டுறேன்" என்று கையை உள்ளே விட்டாள். மெயின்தான் இறங்கியிருக்கிறதே என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை அவருக்கு இன்றைக்கும் கோர்வையாகச் சொல்ல வராது. படீரென்று ஒரு வெடிப்பு. மகள் பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் மோதிச் சரிந்தாள். கண் திறந்திருந்தது. பார்வை எங்கோ நிலைகுத்தி நின்றது. "அம்மாடி, அம்மாடி" என்று கன்னத்தைத் தட்டினார். தட்டுகிற கை தன்னுடையதுதானா என்றே புரியவில்லை. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

மிக்ஸியா? கரண்ட் எப்படி வந்தது?

"மெயினை யாரு போட்டது!" என்று அலறினார். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

சம்பந்தியம்மா கையில் காலித் தம்ளரோடு ஓடி வந்தார். "சுவிட்ச் விழுந்து கெடந்துச்சுண்ணா, தூக்கிவிட்டேன். நீங்க வேர்த்துக் கொட்டுறீங்களேன்னு ஜூஸ் போட..." அதற்குள் மருமகளைப் பார்த்துவிட்டார். தம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

மகள் மெல்ல மூச்சை இழுத்தாள். "விரல் எரியுதுப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் தரையில் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, இரண்டு விரல் நுனி மட்டும் கருகியிருக்கிறது என்றார் டாக்டர். சம்பந்தியம்மாவுக்கு அழுகை ஓயவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனேண்ணா. கொலைகாரி ஆகியிருப்பேனே!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் பேர் தெரியாதவர்கள் வீட்டில் எல்லாம் கத்திக் கத்தி இத்தனை காலம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்!

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் அவரையே பார்த்தாள்.

"எல்லா வீட்டுலயும் கத்துவீங்களேப்பா. இங்க மட்டும் ஏன் கத்தலை?"

"இது நீ வாழுற வீடாச்சேம்மா" என்றார்.